மீட்டமைப்பும் மறதியும்: விக்டோரியா பொது மண்டபத்தை முன்வைத்துச் சிற்றூர் அரங்க வரலாறு குறித்த ஒரு விமர்சனம்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை விக்டோரியா பொது மண்டபத்தின் மீட்டமைப்பு, தமிழ்நாட்டில் அரங்கக் கட்டடம் ஒன்றுக்கு அரிதாகக் கிடைத்த கவனமாகும். அக்கவனத்தை வரவேற்கும் இக்கட்டுரை, அதற்கு அடிப்படையாக அமைந்த மரபுடைமை அளவுகோல்களை விமர்சன நோக்கில் அணுகுகிறது. கட்டடத்தின் வயது, கட்டுமானப் பொருள், கட்டடக் கலைஞரின் பெயர், வந்து பேசிய தலைவர்களின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு அரங்கை மதிப்பிடும்போது, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களின் கொட்டகைகளும் கூத்துக் களங்களும் வரலாற்றுக்குள் வர வழியில்லாமற் போகிறது. அரங்கம் என்பது பார்வை முறையின் ஓர் ஏற்பாடு என்று கொண்டால், மீட்டமைப்பின் பொருளும் மாறும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: அரங்க வரலாறு, விக்டோரியா பொது மண்டபம், சுகுண விலாச சபை, டூரிங் டாக்கீஸ், பாரதக் கூத்து, மரபுடைமை, திருவள்ளூர்

1. முன்னுரை

தமிழ் நாடக வரலாறும் திரைப்பட வரலாறும் பெரும்பாலும் ஆசிரியர், நடிகர், பனுவல் ஆகிய மூன்றையும் மையமாகக்கொண்டே எழுதப்பட்டுள்ளன. நிகழ்த்தப்பட்ட இடம் அவ்வரலாறுகளில் ஒரு முகவரியாக மட்டும் நின்றுவிடுகிறது. எந்த மண்டபம், எந்த ஆண்டு என்ற குறிப்புக்கு அப்பால், அவ்விடம் பார்வையாளரை எவ்வாறு ஒன்றுகூட்டியது, எவ்வாறு பிரித்து அமர்த்தியது, அவர்கள் எங்கிருந்து வந்து எவ்வாறு திரும்பினர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன. சு. தியடோர் பாஸ்கரன், கார்த்திகேசு சிவத்தம்பி, எம். எஸ். எஸ். பாண்டியன், ஸ்டீபன் ஹியூஸ் ஆகியோரின் எழுத்துகள் இப்போக்கிலிருந்து விலகியவை. ஆயினும் அவை காட்டிய வழியில் வட்டார ஆய்வுகள் போதிய அளவில் தொடரவில்லை.

இந்நிலையில், சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் 32 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பீட்டில் பெருநகர சென்னை மாநகராட்சி மேற்கொண்ட விக்டோரியா பொது மண்டப மீட்டமைப்பு, இடம் பற்றிய வினாவை மீண்டும் எழுப்ப வாய்ப்பளிக்கிறது. மீட்கப்பட்டது எது, அம்மீட்பின் அளவுகோல் யாருடைய அரங்கை வெளியே நிறுத்துகிறது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது வினாவுக்குத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதி களமாகக் கொள்ளப்படுகிறது. சென்னையிலிருந்து மேற்கே திருவள்ளூர் வழியாக அரக்கோணம் செல்லும் தொடர்வண்டித் தடமும், வடக்கே கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூர் செல்லும் தடமும் தொடங்கும் சென்னை சென்ட்ரலுக்கு அருகிலேயே இம்மண்டபம் அமைந்துள்ளது. தலைநகரின் இந்த அரங்குக்கும் அவ்விரு தடங்களின் சிற்றூர்களுக்கும் இடையேயான தொலைவு நில அளவில் சிறிது. வரலாற்றெழுத்தில் மிகப் பெரிது.

2. மண்டபத்தின் மூன்று வரலாறுகள்

விசயநகர மன்னர் ஆனந்த கஜபதி ராஜு 1883இல் இம்மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார். இந்தோ-சாரசெனிக் பாணியில் இதனை வடிவமைத்தவர் ராபர்ட் பெல்லோஸ் சிஷோம்; கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 1880களின் இறுதியில் எழுந்த இக்கட்டடத்துக்கு, விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி அவர் பெயர் சூட்டப்பட்டது. நாளிதழ்களும் சுற்றுலா ஏடுகளும் பெரும்பாலும் இத்தகவல்களுடன் நின்றுவிடுகின்றன.

இக்கட்டடத்துக்குள் மூன்று வரலாறுகள் இணைந்து கிடக்கின்றன. முதலாவது, பொதுக்கூட்ட வரலாறு. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தம் செயல்திட்டத்தை விளக்கிப் பேசியது இங்கேதான். இரண்டாவது, நாடக வரலாறு. பல்லாரி கிருஷ்ணமாசார்லுவின் சரச விநோதினி சபையார் 1891இல் சென்னையில் நடத்திய தெலுங்கு நாடகங்களைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டு சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அச்சபை 1930களில் மவுண்ட் ரோட்டில் தனக்கென இடம் அமைத்துக்கொள்ளும்வரை பல பத்தாண்டுகள் இம்மண்டபத்தில் நாடகம் நடத்தியது. மூன்றாவது, திரைப்பட வரலாறு. 1897இல் எட்வர்ட்ஸ் என்பவர் இங்கே அசையும் படங்களைக் காட்டினார் என்பது தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல்கள் பலவும் தரும் செய்தி.

இம்மூன்றில் முதலாவதே மீட்டமைப்புச் சொல்லாடலில் மேலோங்கி நிற்கிறது. தலைவர் பெயர்கள் கல்வெட்டில் பொறிக்க ஏற்றவை, பார்வையாளர் பெயரற்றவர். ஆனால் அரங்க வரலாற்றில் இம்மண்டபத்தின் முதன்மை இரண்டாவது வரலாற்றிலேயே உள்ளது. சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ அவ்வரலாற்றுக்குரிய தலையாய சான்று. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் தொழில்முறை அல்லாத நடிகர்களாக மேடையேறியதும், பெண் பாத்திரங்களை ரங்கவடிவேலு போன்ற ஆடவர் ஏற்றதும், நாடகம் கற்றோருக்குரிய கண்ணியமான செயல் என்ற நிலையை அடைந்ததும் இம்மண்டபத்துடன் இணைந்தவை.

இங்கே ஒரு விமர்சனம் தேவைப்படுகிறது. சபை நாடகம் கண்ணியம் பெற்ற அதே செயல்பாட்டில், கம்பெனி நாடகமும் தெருக்கூத்தும் அக்கண்ணியத்துக்குப் புறம்பானவையாக வரையறுக்கப்பட்டன. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) மரபில் வந்த குழுக்கள் ஊர்தோறும் தற்காலிகக் கொட்டகைகளில் நாடகம் நடத்திய அதே காலத்தில்தான் இம்மண்டபத்தின் மேடை ‘நாடகக்கலையின் இருப்பிடம்’ என்ற தகுதியை ஈட்டிக்கொண்டது. அவ்வை தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யை ‘நாடக மேடை நினைவுக’ளுடன் சேர்த்துப் படிப்பவர், ஒரே கலையின் இருவேறு புவியியல்களைக் காண்பர். முன்னது ஊர் ஊராகப் பெயரும் வாழ்க்கை. பின்னது ஒரு நகரச் சபையை மையமாகக் கொண்டு அமைந்த வாழ்க்கை. நிலையான புவியியலுக்குக் கட்டடம் எஞ்சியது. பெயரும் புவியியலுக்குக் கட்டடம் எஞ்சவில்லை. எஞ்சியதை மட்டும் மரபுடைமை என்று அழைக்கும்போது, அன்றைய சமூகப் பாகுபாடு இன்றைய பாதுகாப்புக் கொள்கையாக மறுபிறப்பெடுக்கிறது.

3. எஞ்சுதலின் வகைகள்

திரையரங்குகளின் நிலை இதனைத் தெளிவாக்கும். மவுண்ட் ரோட்டில் 1913இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம், அஞ்சல் துறையின் உடைமையாகி, அஞ்சல்தலை சேகரிப்பு அலுவலகமாக இன்றும் நிற்கிறது. அங்கே கட்டடம் உண்டு, அரங்கம் இல்லை. ரகுபதி வெங்கையா 1914இல் கட்டிய கெயிட்டி தியேட்டர் இடிக்கப்பட்டுவிட்டது. சாமிக்கண்ணு வின்சென்ட் அதே 1914இல் கோயம்புத்தூரில் நிறுவிய வெரைட்டி ஹால், பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறி, அண்மை ஆண்டுகளில் இடிபட்டது. வெரைட்டி ஹால் சாலை என்ற தெருப்பெயரே அதன் எச்சம்.

வின்சென்டின் வாழ்க்கை இவ்விடத்தில் சற்று விரிவாக நோக்கத்தக்கது. திருச்சியில் தொடர்வண்டித் துறை எழுத்தராக இருந்த அவர், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905இல் படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். தென்னிந்தியாவுக்கு அப்பாலும் அவர் பயணம் நீண்டது. அதாவது, ‘தென்னிந்தியாவின் தொன்மையான நிலைத்த திரையரங்குகளுள் ஒன்று’ என்று போற்றப்படும் கட்டடத்தின் தோற்றுவாய் ஒரு கூடாரம். ஒன்பது ஆண்டுக் கூடார வாழ்க்கை திரட்டித் தந்த பார்வையாளர்தாம் 1914இல் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிலைபெற்றனர். கூடாரத்தை முன்னுரையாகவும் கட்டடத்தை நூலாகவும் கருதும் வரலாற்றெழுத்து இக்காரணத் தொடர்பைத் தலைகீழாக்கிவிடுகிறது.

4. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி: கட்டடமற்ற அரங்கின் நிலம்

1997இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டம் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்புறம். இதன் திருத்தணிப் பகுதி 1960இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. வீரராகவப் பெருமாள் கோயிலின் அமாவாசைக் கூட்டத்தால் அறியப்பட்ட திருவள்ளூரும், சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்படும் கும்மிடிப்பூண்டியும் இன்று தொழிற்சாலைகள், கிடங்குகள், வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகள் ஆகியவற்றால் உருமாறியுள்ளன. இந்நிலத்துக்கு மண்டபம் ஒன்றில்லை என்பதால் அரங்க வரலாறு இல்லை என்றாகிவிடாது.

முதலில், கூத்து. தொண்டை மண்டலத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நடைபெறும் விழா, படுகளத்துடனும் தீமிதியுடனும் நிறைவுறும். படுகளத்தில் துரியோதனன் உருவம் மண்ணால் தரையில் பெரிதாக வடிக்கப்பட்டு, விழா முடிவில் அழிக்கப்படுகிறது. அடுத்த விழாவில் அதே களத்தில் அது மீண்டும் வடிக்கப்படும். இங்கே அரங்கம் ஒரு பொருளாக எஞ்சுவதில்லை, செய்முறையாக எஞ்சுகிறது. அழிவும் ஆக்கமும் அதன் இயல்பே.

அடுத்து, டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கூரை, மணல் தரை, தரை டிக்கெட், பெஞ்சு, நாற்காலி என்ற வகுப்புகள், பெண்களுக்குத் தனிப் பகுதி, ஒற்றைப் படவீழ்த்தியில் சுருள் மாற்றும்போதெல்லாம் நேரும் இடைவேளைகள், ஆட்டம் தொடங்குவதைச் சுற்றுவட்டாரத்துக்கு அறிவிக்கும் ஒலிபெருக்கிப் பாடல் ஆகியன அதன் பொதுக் கூறுகள். உரிமமே குறிப்பிட்ட காலத்துக்கு என்பதால், நிலையாமை அதன் சட்ட இயல்பாகவும் இருந்தது.

இவ்வட்டாரத்தின் திரைப்பட அனுபவத்துக்கு இலக்கியச் சான்றும் உண்டு. தமிழ்மகனின் ‘வெட்டுப்புலி’ (2009), இப்பகுதியைக் களமாகக்கொண்டு, தீப்பெட்டி ஒன்றின் படத்தைத் தொடக்கமாக வைத்து, திராவிட இயக்கமும் திரைப்படமும் ஊர்களின் வாழ்வில் ஊடுருவிய வரலாற்றைத் தலைமுறைகள் வழியே சொல்லும் புதினம். அது பெரும்பாலும் அரசியல் புதினமாகவே வாசிக்கப்பட்டது. அரங்க வரலாற்று நோக்கில் அதனை மறுவாசிப்புச் செய்ய வேண்டும். திரைப்படம் சென்னையில் உருவாகிச் சிற்றூருக்கு ‘வந்து சேர்ந்த’ ஒன்றன்று. சிற்றூரின் ஆசையும் பணமும் பேச்சும் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றன என்ற புரிதலுக்கு அப்புதினம் இடந்தருகிறது.

நகர மண்டபமும் இந்நிலமும் தொடர்பற்றவை அல்ல என்பதற்கு ஒரு செய்தி போதும். சுகுண விலாச சபையின் மேடைகளில் நடித்தவர் காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி. சென்னை மேயராக இருந்தபோது நகரின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிகோலியவரும் அவரே. 1944இல் நிறைவுற்ற அத்தேக்கம் அவர் பெயரையே தாங்குகிறது. சபை நாடக மரபின் நடிகர் ஒருவருடைய பெயர் திருவள்ளூர் நிலத்தில் ஏரியாக நிற்கிறது. அந்நிலத்தின் கூத்து மரபினர் பெயர் நகர மண்டபத்தின் வரலாற்றில் இடம்பெறவில்லை. நீரும் நிலமும் உழைப்பும் ஒரு திசையில் பாய, பண்பாட்டு மதிப்பு மட்டும் நகரிலேயே தேங்கிய உறவை இதனினும் சுருக்கமாகக் காட்ட இயலாது.

5. அளவுகோல்களின் வரம்பு

நடுவண் அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையைத் தகுதியாகக் கொள்கிறது. ஆண்டுதோறும் கூரை மாற்றும் கீற்றுக் கொட்டகை இவ்வரையறைக்குள் ஒருபோதும் வர இயலாது. இது நடைமுறைக் குறையன்று, கருத்தாக்கக் குறை.

உலக அளவிலும் இக்கருத்தாக்கம் மாறியுள்ளது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் பிரகடனம் வகுத்த நெறி. கல் கட்டடங்களை மனத்தில் வைத்து உருவான அந்நெறி, காலமுறைப்படி பிரித்துப் புதிதாக எழுப்பப்படும் ஜப்பானிய மரக் கோயில்களுக்குப் பொருந்தவில்லை. இத்தகைய சிக்கல்களின் பின்னணியில் உருவான 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம், உண்மைத்தன்மை என்பது பொருளில் மட்டுமன்றி, பயன், மரபு, செய்நுட்பம், உணர்வு ஆகியவற்றிலும் இருக்கக்கூடும் என ஏற்றது. ஆண்டுதோறும் மண்ணில் புதிதாக வடிக்கப்படும் துரியோதனன் இவ்வுண்மையை நமக்கு முன்பே கற்பித்திருக்கிறான். நாம் அதனைக் கட்டடக் கொள்கையுடன் பொருத்திப் பார்க்கத் தவறினோம்.

எனவே மீட்டமைப்பை மதிப்பிட மூன்று வினாக்களை முன்மொழியலாம். மீட்கப்பட்ட அரங்கில் நிகழ்த்துதல் மீண்டதா, அல்லது கட்டடம் காட்சிப்பொருளாயிற்றா? அங்கே நிகழ்த்துவதற்கான கட்டணமும் நிபந்தனைகளும் யாருக்கு இயலுவன? முன்பு அவ்வரங்கு வெளியே நிறுத்திய கலைகளுக்கு இப்போது வாயில் திறந்ததா? விக்டோரியா பொது மண்டபத்தின் வெற்றியைச் செங்கலின் நிறத்தால் அன்றி இவற்றால் அளப்பதே முறை. திருவள்ளூர் வட்டாரக் கூத்துக் குழு ஒன்று அம்மேடையில் முழு இரவுக் கூத்தை நடத்த இயலுமாயின், மண்டபம் பழைய நிலையை மீட்டதாக அன்றி, பழைய நிலையைக் கடந்ததாகவே கொள்ளலாம்.

6. ஏக்கத்தின் எல்லை

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு உண்டு. கீற்றுக் கொட்டகைகள் பாதுகாப்பானவை அல்ல. 1979இல் தூத்துக்குடிக் கொட்டகை ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் பலர் உயிரிழந்தனர். இந்தியத் திரைப்படச் சட்டத்தின் 1918ஆம் ஆண்டு வடிவமே காட்சியிடப் பாதுகாப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. இக்கொட்டகைகளை அவ்வாறே மீட்டெழுப்ப வேண்டும் என்று கோருவது, தரை டிக்கெட் வாங்கியோரின் உயிரை அழகியலுக்கு ஈடாக வைப்பதாகும்.

சமத்துவம் பற்றிய ஏக்கமும் கவனத்துக்குரியது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்து வெளி திரையரங்கு என்ற பொருளில் சிவத்தம்பி கூறிய கருத்து பரவலாக எடுத்தாளப்படுகிறது. அது ஆழமான கருத்து. ஆனால் கூரை ஒன்றாயிருந்தும் தரை, பெஞ்சு, நாற்காலி என இருக்கைகள் மூன்றாயிருந்தன. சாதியின் இடத்தில் கட்டணம் வந்தது விடுதலையா, மாற்றுருவா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும் வினா. வட்டார ஆய்வின்றி அதற்கு விடை காண இயலாது. கொட்டகையைப் புகழ்வதற்காக அன்றி, இவ்வினாவுக்கு விடை காண்பதற்காகவே அதன் வரலாறு நமக்குத் தேவை.

7. ஆவணம் என்னும் மீட்டமைப்பு

கட்டடத்தை மீட்க இயலாத இடத்தில் ஆவணமே மீட்டமைப்பு. தமிழ்நாடு திரையரங்குகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1955இன்கீழ் மாவட்ட ஆட்சியரே உரிமம் வழங்கும் அதிகாரி. ஆகவே ஒவ்வொரு டாக்கீசின் இருப்பிடமும் அமைப்பும் உரிமக் காலமும் வருவாய்த் துறைக் கோப்புகளில் பதிவு பெற வேண்டியவை. திருவள்ளூரைப் பொறுத்தவரை இத்தேடல் 1997க்கு முந்தைய செங்கற்பட்டு மாவட்டப் பதிவுகளுக்கும், திருத்தணியைப் பொறுத்தவரை 1960க்கு முந்தைய சித்தூர் மாவட்டப் பதிவுகளுக்கும் செல்ல வேண்டும். அலுவலகக் கோப்புகளுக்குக் காலவரம்பு உண்டு. அவ்வரம்பு கடந்தவை கழிக்கப்படும். படவீழ்த்தி இயக்கியோர், டிக்கெட் கிழித்தோர், பெட்டி தூக்கியோர், கூத்துக் குழுவினர் ஆகியோரின் நினைவுகளுக்கும் வரம்பு உண்டு. மண்டபத்தின் சுவர் இன்னும் பத்தாண்டு காத்திருக்கும். இவர்கள் காத்திருக்க இயலாது.

தொழிற்பேட்டைச் சூழலில் இப்பணி மேலும் அவசரமானது. நிலமதிப்பு ஏறும் வட்டாரங்களில் ஒற்றைத் திரையரங்குகள் திருமண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறுவது தமிழகமெங்கும் காணும் போக்கு. ஷிப்டு முறையில் உழைக்கும் தொழிலாளர்க்குக் காட்சி நேரங்கள் எவ்வாறு பொருந்தின, வெளிமாநிலத் தொழிலாளர் வருகை பார்வையாளர் மொழியை எவ்வாறு மாற்றியது, கடைசித் தொடர்வண்டி இரண்டாம் ஆட்டத்துக்கு எத்தகைய எல்லை வகுத்தது என்பன இவ்வட்டாரத்துக்கே உரிய ஆய்வு வினாக்கள். இவற்றைத் திரைப்படங்களைப் பார்த்து அறிய இயலாது. திரையரங்குகளைப் பற்றிக் கேட்டே அறிய இயலும்.

8. முடிவுரை

விக்டோரியா பொது மண்டபத்தின் மீட்டமைப்பு வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒரு மண்டபத்தை மீட்டதனால் அரங்க வரலாற்றுக்குச் செய்ய வேண்டிய கடன் தீர்ந்தது என்னும் மனநிறைவு, மீட்டமைப்பைவிடப் பெரிய மறதிக்கு வழிகோலும். அரங்கை நிலைத்த கட்டடமாக மட்டும் வரையறுக்கும் அளவுகோல், சபைக்கும் கொட்டகைக்கும் கூத்துக் களத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு முன் வகுக்கப்பட்ட தரவரிசையைக் கேள்வியின்றித் தொடர்கிறது. பொருளால் அன்றிச் செய்முறையால் நிலைபெறும் அரங்குகளை மரபுடைமைச் சிந்தனைக்குள் கொணர்வதும், உரிமக் கோப்புகளையும் வாய்மொழி நினைவுகளையும் மாவட்ட அளவில் தொகுப்பதும் உடனடிப் பணிகள். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தடங்களிலிருந்து சென்ட்ரலில் இறங்குவோர் எதிரே காணும் மண்டபம், அவர்கள் ஊரின் அரங்கையும் தன் வரலாற்றில் ஏற்கும்போதுதான் பொது மண்டபம் என்னும் தன் பெயருக்கு உரியதாகும்.